திறந்தவெளியா, கூரைக்கு உள்ளேயா? தண்ணீர்ப் பூங்காவுக்குக் கிளம்பும் ரொறன்ரோக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் சொந்தத்தில் யாராவது தண்ணீர்ப் பூங்காவுக்குப் போக நினைத்தால் முதல் தொலைபேசி அழைப்பு எனக்குத்தான் வரும். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கும் கடைசிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். இடுப்பில் பிள்ளையைச் சுமந்துகொண்டும் போயிருக்கிறேன், "அம்மா, நீங்கள் எங்களோடு நிற்கவேண்டாம்" என்று முகம் சுளிக்கும் பிள்ளையோடும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் கேட்கிறார்கள். ஜூன் மாதத்திலும் மார்ச் விடுமுறைக்கு முன்பும் ஒரே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்ராறியோவில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

திறந்தவெளிப் பூங்கா, உள்ளரங்குப் பூங்கா என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறீர்களே, கூரை ஒன்றைத் தவிர வேறென்ன வித்தியாசம்?

திறந்தவெளிப் பூங்காவுக்கு நிலம் தாராளம். அதனால் சறுக்குகள் உயரம், அலைக்குளம் அகலம், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடை அதிகம். உள்ளரங்கில் எல்லாம் ஒரே மண்டபம். நடுவில் நின்று கழுத்தைத் திருப்பினால் பாதிப் பூங்கா கண்ணில் படும். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் இருக்கும்.

ஆனால் நீங்கள் கணக்குப் போடவேண்டிய வித்தியாசம் வேறு. இங்குள்ள பெரிய உள்ளரங்குப் பூங்காக்கள் ஹோட்டலோடு ஒட்டியவை. அது தற்செயல் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஊருக்குக் கோடையில் மட்டும் ஆட்கள் வருவார்கள், குளிர்காலத்தில் ஹோட்டல் அறைகள் காலியாகக் கிடக்கும். 1994இல் அங்கே ஒரு ஹோட்டல் கூரைக்குள் தண்ணீர் விளையாட்டுகளைக் கட்டியது. குளிர்காலத்திலும் அறைகள் நிரம்பின, மற்ற ஹோட்டல்களும் அதே வழியில் இறங்கின. ஆக, உள்ளரங்குப் பூங்கா என்பது அறையை விற்கக் கட்டிய பூங்கா. நீங்கள் தேர்ந்தெடுப்பது கூரையை அல்ல, ஒரு பகல் பயணமா ஓர் இரவுப் பயணமா என்பதைத்தான். இது பிடிபட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் எவை இருக்கின்றன?

திறந்தவெளி என்றால் பெரும்பாலோர் போவது வான் (Vaughan) நகரில் உள்ள கனடாஸ் வொண்டர்லாண்ட் என்ற ராட்டினப் பூங்கா. அதற்குள்ளேயே 1992இல் திறந்த ஸ்பிளாஷ் வொர்க்ஸ் என்ற தண்ணீர்ப் பகுதி இருக்கிறது. பூங்காவுக்கு எடுக்கும் டிக்கெட்டே அதற்கும் செல்லும். பிராம்ப்டனிலும் ஒன்று உண்டு. ஒட்டாவாப் பக்கம் போகிறவர்களுக்கு லிமோஜில் 2010இல் திறந்த கலிப்சோ இருக்கிறது. அது தண்ணீருக்காகவே கட்டிய பெரிய பூங்கா, ஒரு நாள் முழுவதும் போதாது.

உள்ளரங்கு என்றால் நயாகரா. கிரேட் வுல்ஃப் லாட்ஜ் 2006இல் அங்கே வந்தது. அருவிக்குப் பக்கத்து ஹோட்டல்களோடு இணைந்த ஃபால்ஸ்வியூ உள்ளரங்குப் பூங்காவும் இருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையில் ஏறிவிட்டு என்னைத் திட்டவேண்டாம்.

எந்த மாதத்தில் எதற்குப் போவது?

திறந்தவெளிக்கு இங்கே ஆயுள் குறைவு. பொதுவாக ஜூனில் தொடங்கி செப்டெம்பர் முதல் திங்கள், அதாவது தொழிலாளர் தினத்தோடு முடிந்துவிடும். வொண்டர்லாண்டின் ராட்டினங்கள் இலையுதிர் காலத்திலும் ஓடும், தண்ணீர்ப் பகுதி மட்டும் மூடிவிடும். செப்டெம்பர் கடைசியில் நீச்சலுடையோடு போய் நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஜூன் முதல் வாரங்களில் திறந்திருந்தாலும் காற்று குளிராக இருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைதான் உண்மையான காலம்.

உள்ளரங்கு ஆண்டு முழுவதும். ஆனால் மார்ச் விடுமுறை, பெப்ரவரியில் வரும் குடும்ப தினம், கிறிஸ்மஸ் வாரம் ஆகிய மூன்றிலும் விலை ஏறும், வரிசை நீளும். நவம்பர் தொடக்கமும் ஜனவரி நடுவும் மிக நல்ல நாட்கள். பள்ளியில் ஆசிரியர்களின் வேலைநாள் என்று பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை வரும் அல்லவா? வியாழன் மாலையே போய் வெள்ளி மாலை திரும்பினால் சனிக்கிழமை விலை கொடுக்கத் தேவையில்லை.

எது மலிவு? நேராகச் சொல்லுங்கள்.

திறந்தவெளி. நேரான பதில் அதுதான். ஆனால் வாசலில் எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கார் நிறுத்தக் காசு, லாக்கருக்குக் காசு, உள்ளே சாப்பாட்டுக்குக் காசு, இவற்றின் மேல் 13 விழுக்காடு எச்.எஸ்.டி. வரி. நான்கு பேர் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பசி வந்தாலே டிக்கெட் விலையின் ஒரு பங்கு போய்விடும். கோடையில் இரண்டு மூன்று தடவை போகிறவர்கள் பருவச் சீட்டு எடுத்தால் லாபம். ஒரு தடவை மட்டும் போகிறவர்கள் அதை எடுத்துவிட்டு, காசு வீணாகிறதே என்று மனமில்லாமல் இன்னொரு தடவை போவதையும் பார்த்திருக்கிறேன்.

உள்ளரங்கில் அறை வாடகைக்குள் பூங்கா அனுமதியும் அடங்கியிருப்பதுதான் வழக்கம். ஆனால் "ரிசார்ட் கட்டணம்" என்று தனியாக ஒன்று கடைசிப் பக்கத்தில் வந்து குந்தும், கார் நிறுத்தவும் காசு கேட்பார்கள். இணையத்தில் முதலில் காட்டும் விலையை நம்பி வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். கடைசித் திரை வரை போய், மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கு மட்டும் உள்ளரங்குக்குச் சாதகம். பல இடங்களில் அறை கைக்கு வருவது மாலையில்தான் என்றாலும் பூங்காவுக்குள் அதற்கு முன்பே விடுவார்கள், மறுநாள் அறையைக் கொடுத்த பிறகும் விளையாடலாம். ஓர் இரவு வாடகைக்கு இரண்டு பகல் விளையாட்டு. பதிவு செய்யும்போது இதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அறை எடுக்காமல் உள்ளரங்குக்கு ஒருநாள் டிக்கெட் எடுக்க முடியாதா?

பல இடங்களில் முடியும். ஆனால் அறையில் தங்குபவர்களுக்குத்தான் முதலிடம். கூட்டம் கூடும் நாட்களில் முதலில் நிறுத்துவது இந்த ஒருநாள் டிக்கெட்டைத்தான். முன்கூட்டியே வாங்காமல் நயாகரா வரை காரோட்டாதீர்கள்.

வாங்கிவிட்டாலும் ஒரு குறை இருக்கிறது. அறை இல்லாவிட்டால் கைக்குழந்தையைத் தூங்கவைக்க இடமில்லை, கொண்டுபோன சோற்றைச் சூடாக்க வழியில்லை, ஈரத் துவாய்களைக் காரில்தான் போடவேண்டும். உள்ளரங்கின் நன்மையில் பாதி அந்த அறைதான்.

என் மகளுக்கு இரண்டு வயது. எதற்குக் கூட்டிக்கொண்டு போவது?

யோசிக்காமல் உள்ளரங்கு. சின்னப் பிள்ளைக்கு வெயிலைவிடக் காற்றுத்தான் பிரச்சினை. திறந்தவெளியில் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் உடம்பிலுள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். 26 பாகை வெயிலிலும் பிள்ளை உதடு நீலம்பாரித்து நடுங்குவது அதனால்தான். உள்ளரங்கில் காற்றின் சூட்டைத் தண்ணீரின் சூட்டுக்குச் சற்று மேலாக வைத்திருப்பார்கள், ஈரப்பதமும் அதிகம். ஆவியாதல் குறைவதால் நடுக்கமும் குறைவு.

இன்னொன்று தூக்கம். மதியம் ஒரு மணிக்குத் தூங்கும் பிள்ளை, பூங்காவில் இருப்பதற்காக மூன்று மணி வரை விழித்திருக்காது. அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்திவிட்டு ஒருவர் காவல் இருக்க, மற்றவர் பெரிய பிள்ளைகளோடு திரும்பலாம். நீச்சலுக்கான டயப்பரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சாதாரண டயப்பர் தண்ணீரில் தலையணையாக ஊதிவிடும், உள்ளேயும் விடமாட்டார்கள். அங்கே கடையில் வாங்கினால் விலை கேட்டுத் தலை சுற்றும்.

மகனின் உயரம் 119 சென்டிமீட்டர். சப்பாத்தோடு அளந்தால் 122 வரும். விடுவார்களா?

சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள். பல பெரிய சறுக்குகளுக்கு 48 அங்குலம், அதாவது 122 சென்டிமீட்டர்தான் எல்லை. சிலவற்றுக்கு 42 அங்குலம், 107 சென்டிமீட்டர். வாசலிலேயே அளந்து நிறப் பட்டி கட்டும் இடங்களும் உண்டு. அப்படி இருந்தால் முதல் வேலையாகக் கட்டிவிடுங்கள். நாற்பது நிமிடம் வரிசையில் நின்று, படியேறி உச்சிக்குப் போய், அங்கே திருப்பி அனுப்பினால் அந்த அழுகையை அன்று முழுவதும் நிறுத்தமுடியாது.

உயரத்தை ஏன் பார்க்கிறார்கள் என்று பலர் கோபிப்பார்கள். வேகத்தில் வளைவுகளில் உடம்பு எப்படிச் சாயும், கீழே விழும் குளத்தின் ஆழத்தில் கால் ஊன்றுமா என்பதையெல்லாம் வைத்துப் போட்ட அளவு அது. மூன்று சென்டிமீட்டருக்காகக் கெஞ்சாதீர்கள். 107க்கும் 122க்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு உள்ளரங்கில் செய்ய நிறைய இருக்கிறது. கயிற்றுப் பாலம், தண்ணீர்த் துப்பாக்கி, மரவீட்டுச் சிறு சறுக்குகள் எல்லாம் அந்த உயரத்தை மனத்தில் வைத்துக் கட்டியவை. திறந்தவெளியில் அதே பிள்ளை அண்ணன்மார் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பதினான்கு வயது மகன் "உள்ளரங்கு சின்னப் பிள்ளைகளுக்கு" என்று வர மறுக்கிறான். உண்மையா?

முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். கூரைக்குள் கட்டினால் உயரத்துக்கு எல்லை உண்டு. அதனால்தான் சில உள்ளரங்குகளில் சறுக்குக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போய், வளைந்து, மறுபடி உள்ளே வருகிறது. அந்த வயதுப் பிள்ளைகள் அரை நாளில் எல்லாச் சறுக்கையும் முடித்துவிட்டுத் தொலைபேசியைத் தேடுவார்கள். அவனுக்குத் திறந்தவெளிதான். அதிலும் வொண்டர்லாண்ட் போன்ற இடம் என்றால் தண்ணீர் சலித்தால் ராட்டினம் இருக்கிறது.

விதிவிலக்கு எட்மன்டன். அல்பேர்ட்டாவில் சொந்தக்காரர் இருந்து நீங்கள் போகிறீர்கள் என்றால் அங்குள்ள வெஸ்ட் எட்மன்டன் மாலின் தண்ணீர்ப் பூங்காவை அவனுக்குக் காட்டுங்கள். 1986இல் திறந்தது, ஐந்து ஏக்கருக்கு மேல், உள்ளே பெரிய அலைக்குளம். அதன் பிறகு "சின்னப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லமாட்டான்.

அம்மம்மாவும் வருகிறார். அவர் தண்ணீரில் இறங்கமாட்டார். சும்மா இருக்கிறவருக்கும் டிக்கெட்டா?

திறந்தவெளியில் பெரும்பாலும் ஆம். வாசலைக் கடந்தால் டிக்கெட், நனைகிறாரா இல்லையா என்று கேட்கமாட்டார்கள். முதியோருக்குக் குறைந்த விலை உண்டா என்று பாருங்கள். உள்ளரங்கில் அறைக்கு எத்தனை பேர் என்று பதிவு செய்கிறீர்களோ அத்தனை கைப்பட்டி. அம்மம்மாவும் அந்த எண்ணிக்கையில் ஒருவர் என்பதை மறக்கவேண்டாம். ஆறு பேருக்கான அறையில் ஏழாவது ஆளை ஒளித்து ஏற்றமுடியாது.

என்னைக் கேட்டால், முழுப் பயணத்தையும் முடிவு செய்யவேண்டியது அவரை வைத்துத்தான். திறந்தவெளியில் காலை வாசல் திறந்ததும் ஓடிப்போய் நிழலில் ஒரு கதிரை பிடிக்கவேண்டும். பத்தரை மணிக்குப் பிறகு நிழல் கிடைக்காது, கிடைத்த நிழலும் சூரியனோடு நகரும். கழிப்பறை தூரம். எட்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு வந்தவர் அடுத்த வருடம் "நான் வீட்டில் இருக்கிறேன்" என்பார்.

என் மாமியை முதல் தடவை உள்ளரங்குக்குக் கூட்டிப்போனபோது கதவைத் திறந்ததுமே அவருடைய கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போனது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அலுத்து, கழற்றி மடியில் வைத்துவிட்டார். மரவீட்டின் உச்சியில் பெரிய வாளி ஒன்று மெல்ல நிரம்பும். நிரம்பிச் சாயப்போகும்போது மணி அடிக்கும், பிள்ளைகள் எல்லாரும் கீழே ஓடிப்போய் நிற்பார்கள், நூற்றுக்கணக்கான குடம் தண்ணீர் ஒரேயடியாகக் கொட்டும். மாமிக்கு அந்த மணிச்சத்தம் போதுமானதாக இருந்தது. கண்ணாடி இல்லாமலே, மணி அடித்ததும் நிமிர்ந்து உட்கார்வார். "கோயில் பூசை மாதிரி நேரம் தவறாமல் அடிக்கிறான்" என்றார். இரண்டு மணி நேரம் கழித்துத் தானாகவே அறைக்குப் போய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். திறந்தவெளியில் இதற்கு வழியே இல்லை.

மழை பெய்தால் காசு திரும்பக் கிடைக்குமா?

சாதாரண மழைக்குக் கிடைக்காது. எப்படியும் நனைகிறோம், மழையில் விளையாடுவது ஒரு தனிச் சுகம், கூட்டமும் குறையும். பிரச்சினை இடி. இடி கேட்டாலோ மின்னல் தெரிந்தாலோ எல்லாரையும் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பார்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்கவேண்டும் என்பது கனடாவில் பொதுவாகச் சொல்லும் விதி. இருபத்தைந்தாவது நிமிடத்தில் மறுபடி ஓர் இடி முழங்கினால் கணக்கு மறுபடி தொடக்கத்திலிருந்து. ஜூலை மாதத்து வெக்கைநாள் மாலைகளில் இது நடக்கும்.

எனக்கு ஒரு தடவை நடந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனோம், ஒரு மணிக்கு எழுப்பினார்கள், மூன்றரை மணி வரை ஈர உடையோடு உணவுக்கடைக் கூரையின் கீழ் நின்றோம். வாடிக்கையாளர் சேவை வரிசையில் போய்க் கேட்டால், பூங்கா ஒரு மணி நேரம் இயங்கிவிட்டது, ஆகவே மாற்று டிக்கெட் கிடையாது என்றார்கள். டிக்கெட்டின் நிபந்தனையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதன் பிறகு நான் எப்போதும் வாசல் திறக்கும் நேரத்துக்கே போகிறேன். கோடை இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். அதற்கு முன் மூன்று மணி நேரம் விளையாடிவிட்டால் மனம் ஆறும்.

உள்ளரங்கில் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது. குளோரினை அள்ளிக் கொட்டுகிறார்களா?

பலர் நினைப்பதற்கு நேர்மாறு. அந்தக் காரமான மணம் வெறும் குளோரினின் மணம் அல்ல. வியர்வை, சிறுநீர், தோலில் பூசிய கிறீம் ஆகியவற்றோடு குளோரின் சேரும்போது குளோரமின் என்ற பொருட்கள் உண்டாகின்றன. எரிச்சல் அவற்றால்தான். திறந்தவெளியில் காற்று அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும், கூரைக்குள் தண்ணீருக்கு மேலேயே தேங்கி நிற்கும். ஆகவே மணம் அதிகம் என்றால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமல்ல. குளித்தவர்கள் அதிகம், காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

இதில் நம் பங்கும் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்து இறுகப் பின்னிவிட்ட பிள்ளையைச் சவரில் நிறுத்தாமல் நேரே குளத்தில் இறக்கினால் அந்த எண்ணெயோடு மல்லுக்கட்டுவதற்கே குளோரினில் ஒரு பங்கு செலவாகும். இறங்கும் முன் ஒரு நிமிடம் உடம்பைக் கழுவுங்கள். பிள்ளைகளை மணிக்கு ஒரு தடவை கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். "வருகிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் கூட்டிப்போங்கள்.

மகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது. அப்படியானால் உள்ளரங்கு வேண்டாமா?

முந்தின பதிலில் சொன்ன குளோரமின்தான் இங்கும் விஷயம். சில பிள்ளைகளுக்கு அது இழுப்பைத் தூண்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. அவளுடைய மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். போவதானால் கூட்டமில்லாத நாளில், காலையில் முதல் ஆளாகப் போங்கள். மாலையாக ஆகக் காற்று கனக்கும். இழுப்புக்கு உறிஞ்சும் பஃப் மருந்து லாக்கரில் இருந்தால் பயனில்லை, துவாய்ப் பையில் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் மூக்கில் காரமாக அடித்தால் அறைக்குத் திரும்பிவிடுங்கள். காசு போனால் போகட்டும். கோடை வரை காத்திருக்க முடியுமானால் இவளுக்குத் திறந்தவெளியே நல்லது.

அடுத்த மாதம் வீட்டில் கலியாணம். திறந்தவெளிக்குப் போனால் பிள்ளைகள் கறுத்துவிடுவார்களே?

கறுத்தால் கறுக்கட்டும். கலியாண ஆல்பத்துக்காகப் பிள்ளைகளின் கோடையைப் பறிக்கவேண்டாம் என்பது என் கட்சி. நீங்கள் பயப்படவேண்டியது நிறத்துக்கு அல்ல, தோல் வெந்துபோவதற்கு. "நமக்குக் கறுப்புத் தோல், ஒன்றும் செய்யாது" என்பது பாதி உண்மைதான். நம் தோலுக்குச் சற்றுக் கூடுதல் பாதுகாப்பு உண்டு, முழுப் பாதுகாப்பு இல்லை. தண்ணீரில் குளிர்ச்சியாக இருப்பதால் வேகும்போது தெரியாது. இரவில்தான் தோள் எரியும்.

எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல், தண்ணீரில் கரையாதது என்று எழுதியிருக்கும் கிறீம். வீட்டிலேயே ஒரு தடவை பூசுங்கள், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, துவாயால் துடைத்த பின்பும் ஒரு தடவை. காதின் மேற்புறம், புறங்கால், தலையில் வகிடு எடுத்த கோடு ஆகிய மூன்றையும் எல்லாரும் மறக்கிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கிறீம் பூசாமல் நிழலில் வைத்திருக்கவேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிட்டால் கிறீம் பூசும் வேலையில் பாதி மிச்சம். மேகமூட்டமான நாள் என்று ஏமாறாதீர்கள், புறஊதாக் கதிர் மேகத்தையும் கடந்து வரும்.

என்ன உடுத்துவது? சுரிதாரோடு இறங்க விடுவார்களா?

பருத்திச் சுரிதார், சேலை, ஜீன்ஸ் ஆகியவற்றோடு விடமாட்டார்கள். நனைந்த பருத்தி கனத்து இழுக்கும், துப்பட்டா சறுக்கில் சிக்கும், ஜீன்ஸின் உலோகப் பொத்தான் சறுக்கைக் கீறும். உடம்பை மூடிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு முழங்கால் வரை அல்லது கணுக்கால் வரை வரும் நீச்சல் துணிக் காற்சட்டையும் முழுக்கை மேற்சட்டையும் கடைகளில் கிடைக்கின்றன. என் மச்சாள் பத்து வருடமாகக் கதிரையில் இருந்தவர், அந்த உடை வாங்கிய வருடம் அலைக்குளத்திலிருந்து எழும்பவே இல்லை.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. தாலிக்கொடியைக் கழற்றமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, சறுக்கின் உச்சியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம் குடும்பத்திலேயே இருவர். வேகமான சறுக்குகளில் சங்கிலியைக் கழற்றச் சொல்வது வழக்கம், கழுத்தை இறுக்கினால் ஆபத்து. கழற்றி லாக்கரில் வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. முதல்நாளே வீட்டில் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு வாருங்கள், அல்லது சறுக்கை விட்டுவிட்டு லேசி ரிவர் என்ற, மெல்ல ஓடும் நீரோடையில் மிதவளையத்தில் மிதந்துகொண்டிருங்கள்.

திறந்தவெளிக்கு மட்டும் தண்ணீர்ச் சப்பாத்து அவசியம். மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இடியப்பம் கட்டிக்கொண்டு போகலாமா?

பூங்காக்களுக்குள் வெளிச்சாப்பாட்டுக்குப் பொதுவாகத் தடை. குழந்தை உணவுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களின் உணவுக்கும் விலக்குக் கொடுப்பார்கள். திறந்தவெளிக்குப் போகிறவர்கள் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பி வந்து சாப்பிடுவதுதான் வழி. கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் தேங்காய்ச் சம்பலை வைக்காதீர்கள், மதியத்துக்குள் புளித்துவிடும். ரோல்ஸ், பணிஸ், எலுமிச்சைச் சாதம் தாங்கும்.

உள்ளரங்கு என்றால் அறைக்குள் என்னவும் சாப்பிடலாம். பல அறைகளில் சிறு குளிர்ப்பெட்டியும் மைக்ரோவேவும் உண்டு. போகும் வழியில் ஸ்காபரோவில் இடியப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. கருவாடு மட்டும் வேண்டாம். ஹோட்டல் நடைபாதை முழுக்க மணக்கும், எனக்குத் தெரியும்.

எங்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. போகலாமா?

போகலாம். முக்கால்வாசி இடங்களில் தண்ணீர் இடுப்புக்குக் கீழேதான். மிதவை அங்கிகளை அங்கேயே தருவார்கள். கையில் ஊதி மாட்டும் காற்றுப் பைகளை நம்பாதீர்கள், பல இடங்களில் அனுமதியும் இல்லை. உயிர்காப்பாளர் இருக்கிறார் என்று தொலைபேசியில் தலை குனியவேண்டாம். நீந்தத் தெரியாத பிள்ளை உங்கள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மூழ்கும் பிள்ளை கத்தாது, சத்தமில்லாமல் போகும்.

கவனமாக இருக்கவேண்டியது அலைக்குளத்தில். ஒரு முனையில் முழங்கால் ஆழம், மறுமுனையில் ஆள் மூழ்கும் ஆழம். அலை தொடங்கியதும் பின்னாலிருக்கும் கூட்டம் உங்களை ஆழத்துக்குத் தள்ளும். மணி அடிக்கும் முன்பே ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளரங்கின் அலைக்குளம் பொதுவாகச் சிறியது, ஆளைத் தவறவிடும் பயம் குறைவு.

இரண்டு நாளுக்கு முன் மகனுக்கு வயிற்றோட்டம். இப்போது நின்றுவிட்டது. அறைக்குக் காசும் கட்டிவிட்டோம். குளோரின் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும்தானே?

இல்லை. சரியான அளவு குளோரின் இருந்தால் ஈ. கோலை போன்ற கிருமி ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதே தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். வயிற்றோட்டம் நின்ற பிறகும் சில நாட்கள் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிய இன்னொரு பிள்ளைக்குத் தொற்ற அது போதும். அந்த ஒட்டுண்ணிதான் என்று மருத்துவர் சொன்னால் நின்ற பிறகும் இரண்டு வாரம் குளத்தில் இறங்கக்கூடாது.

என்ன காரணம் என்று தெரியாத வயிற்றோட்டம் என்றால் நான் அவனை இறக்கமாட்டேன். ஹோட்டலை அழைத்துத் தேதியை மாற்றக் கேளுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பல இடங்களில் மாற்றித் தருவார்கள். மாற்றமுடியாவிட்டால் அவனை ஒருவர் அருவி பார்க்கக் கூட்டிப்போகட்டும், மற்றப் பிள்ளைகள் குளிக்கட்டும். இது திறந்தவெளிக்கும் பொருந்தும்.

லண்டனிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சொந்தக்காரர் வருகிறார்கள். மூன்று வயது முதல் எழுபத்தைந்து வயது வரை இருபத்திரண்டு பேர். ஆகஸ்ட் மாதம். எங்கே போவது?

ஆகஸ்ட் என்றதும் எல்லாரும் திறந்தவெளி என்பார்கள். இருபத்திரண்டு பேர் என்றால் நான் அதை இரண்டாக உடைப்பேன். நயாகராவில் ஓர் இரவு உள்ளரங்கு ஹோட்டலில் நான்கு ஐந்து அறைகள். முதன்முறை கனடா வந்தவர்களுக்கு அருவியைக் காட்டாமல் அனுப்பமுடியாது, அந்த வேலையும் முடியும். இளசுகள் மட்டும் இன்னொரு நாள் வொண்டர்லாண்ட் போகட்டும், இரண்டு கார் போதும். எல்லாரையும் ஒரே நாளில் திறந்தவெளிக்குக் கொண்டுபோனால் "அவர் எங்கே, இவர் எங்கே" என்று தேடுவதிலேயே பகல் போய்விடும்.

கியூபெக் வரை காரோட்டத் தயார் என்றால் கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் வல்கார்ட்டியே இருக்கிறது. கோடையில் பெரிய திறந்தவெளிப் பூங்காவும் போரா பார்க் என்ற உள்ளரங்கும் ஒரே இடத்தில். சண்டை பிடிக்கும் குடும்பங்களுக்கு ஏற்ற இடம்.

ஊரிலிருந்து வந்த மாமா கேட்கிறார்: வெயில் காலத்தில் ஏன் ஒருவன் கூரைக்குள் போய்க் குளிக்கவேண்டும்? கடலே இருக்கிறதே?

மாமா கேட்பது நியாயம். ஜப்பானின் மியசாக்கியில் 1993இல் ஓஷன் டோம் என்று ஒன்று கட்டினார்கள். திறந்து மூடும் கூரை, உள்ளே செயற்கைக் கடற்கரை, செயற்கை அலை. உண்மையான கடல் நடக்கும் தூரத்தில் இருந்தது. 2007இல் மூடிவிட்டார்கள். மறுபுறம், ஜெர்மனியில் பெர்லினுக்குத் தெற்கே, வான்கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய 107 மீட்டர் உயர மண்டபத்துக்குள் 2004இல் திறந்த டிராப்பிக்கல் ஐலண்ட்ஸ் இன்னும் நடக்கிறது. அங்கே குளிர்காலம் நீளம், பக்கத்தில் கடலும் இல்லை. மாமாவுக்கு இந்த இரண்டு கதையையும் சொல்லிவிட்டு, ஜனவரியில் ஒரு தடவை வரச் சொல்லுங்கள்.

ஜனவரியில் குளித்த ஈரத் தலையோடு வெளியே வந்தால் சளி பிடிக்காதா?

சளி வைரஸால் வருவது, ஈரத் தலையால் அல்ல. இதை என் அம்மாவிடம் இருபது வருடமாகச் சொல்கிறேன், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் குளிர் குளிர்தான். அறையில் தங்குகிறவர்களுக்குக் கவலை இல்லை, லிஃப்டில் ஏறினால் கட்டில். ஒருநாள் டிக்கெட்டில் போனவர்கள் கார் வரை நடக்கவேண்டும்.

உடை மாற்றும் அறையில் தலை உலர்த்தும் கருவிக்கு முன்னால் எப்போதும் வரிசை நிற்கும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், கம்பளித் தொப்பியைக் காரில் விட்டுவிடாமல் லாக்கருக்கே கொண்டுபோங்கள். ஒரு தடவை அவசரத்தில் மகளின் பின்னலை உலர்த்தாமல் கூட்டிக்கொண்டு வந்தேன். வெளியே கழித்தல் பதினாறு. காருக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னல் குச்சியாக விறைத்துவிட்டது. அவள் அதைப் பிடித்து மடக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பின் இருக்கையில் அம்மா, பையைத் திறந்து விக்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்.